பதினைந்துக்கும் ஐந்துக்கும் நடுவே

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள், எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. அந்தக் கம்பெனியில் சுவரொட்டி ஒட்டினால் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், நன்றாக வரும் என்று புள்ளியியல் முறைப்படி நிரூபித்து வைத்திருந்தார்கள்.

முதலாளி ராஜபாண்டியனின் மகன் ஹரிஷ்குமார் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்து வந்த சூட்டோடு செய்த முதல் காரியம் அது. 'கவனமே காசு', 'தரமே நம் தாய்' என்று பன்னிரண்டு வாசகங்களைப் பல வண்ணத்தில் அச்சடித்து அறைக்கு அறை ஒட்டிவிட்டான். சிவகாசிக்காரர்கள் எதை அச்சடிக்கவும் இரண்டு முறை யோசிப்பதில்லை. ஒட்டுவதற்கு முன் இருபது லட்சம் பூச்சட்டி, ஒட்டிய பின் இருபது லட்சம் பூச்சட்டி. திரி சரியாக நிற்காமல் கழித்துப் போட்டவை முன்பு ஆயிரத்துக்கு 38.0, பின்பு 37.4. சுவரொட்டியால் பலனே இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு, அதாவது பி மதிப்பு, 0.0015. அந்த எண்ணுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக மாட்டியிருந்தான்.

நான் ஜெயசீலி. சிவகாசியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினெட்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். இருபது லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எந்தக் குப்பையும் குறிப்பிடத்தக்கதாகத்தான் வரும். வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் எவ்வளவு வித்தியாசம் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் விளைவின் அளவு. 0.2 வந்தாலே சின்ன விளைவு என்பது பாடப்புத்தகத்தின் தாராளம். ஹரிஷ்குமாரின் சுவரொட்டிக்கு நான் கணக்கிட்டபோது 0.003 வந்தது. இதை அவனிடம் சொன்னேன். "ஆனா சிக்னிஃபிகன்ட்தானே மேடம்?" என்றான். ஆமாம் என்றேன். திருப்தியாகப் போனான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், எங்கள் கல்லூரிக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம். மாணவிகள் அங்கே போய் ஆய்வு செய்வார்கள், கம்பெனி எங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும். இறுதியாண்டு மாணவி கீர்த்திகா ஆய்வுக்கு ஒரு தலைப்பு கொண்டுவந்தாள். காலை பதினோரு மணிக்குப் பதினைந்து நிமிஷம் ஓய்வு கொடுத்தால் கழிவு குறையுமா என்று பார்க்க வேண்டுமாம். தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா பொன்னுத்தங்கம் அதே கம்பெனியில் பூச்சட்டிக்குத் திரி ஒட்டுகிறவர். தாயில்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். கூலி எண்ணிக்கைக்கு, எழுந்தால் எண்ணிக்கை குறையும். கழிப்பறை மெயின் கேட்டுக்குப் பக்கத்தில், அறைகளோ காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. போக வேண்டியிருக்குமே என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அரை லிட்டர் பாட்டிலில் பாதியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற சிக்கனம். விளைவு, பொன்னுத்தங்கத்தின் சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். எங்கே, எப்போது குடிப்பது என்று எழுதித்தரவில்லை.

ஆக அந்த ஆய்வு, பொன்னுத்தங்கத்துக்குப் பதினோரு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்குமா என்பதைப் பற்றியது. தலைப்பில் அப்படி எழுதினால் முதலாளி கையெழுத்துப் போட மாட்டார் என்பதால் 'கழிவு விகிதத்தில் இடைவேளையின் தாக்கம்' என்று எழுதினோம்.

ராஜபாண்டியன் ஒத்துக்கொண்டார். நாற்பது அறையில் பன்னிரண்டை மட்டும் தந்தார். அறைக்கு நாலு பேர். அதற்கு மேல் ஒரு தலை இருந்தாலும் லைசென்ஸ் போய்விடும். குலுக்கிப் போட்டதில் ஆறு அறைக்கு ஓய்வு, ஆறு அறைக்கு இல்லை. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு. பொன்னுத்தங்கத்தின் அறைக்கு ஓய்வு விழுந்தது. நாலு வாரம். பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் ரத்து என்று ஹரிஷ்குமார் முன்கூட்டியே விதி எழுதி ஒட்டினான், சுவரொட்டியாகத்தான்.

முடிவு வந்தது. ஓய்வு அறைகளில் ஆயிரத்துக்கு 24 கழிவு. ஓய்வில்லாத அறைகளில் 31. வித்தியாசம் ஏழு. விளைவின் அளவு 0.78. சுவரொட்டியின் 0.003-க்குப் பக்கத்தில் வைத்தால் இதற்குத் தேர் இழுத்துத் திருவிழா எடுக்க வேண்டும். ஆனால் அறைகள் பன்னிரண்டுதானே. பி மதிப்பு 0.21. தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி, ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்து கூடியிருக்கலாம் என்பதில் தொடங்கி பத்தொன்பது குறைந்திருக்கலாம் என்பதில் முடிந்தது. பூஜ்யம் அதற்குள்ளே வசதியாகக் கால்நீட்டிப் படுத்திருந்தது.

கீர்த்திகா அழுதாள். தாளைத் திரும்பப் பார்த்தபோது என்னை இன்னொன்று உறுத்தியது. இந்தக் கம்பெனியின் வழக்கமான கழிவு 37.4 என்று ஆபீஸ் சுவரே சாட்சி சொல்கிறது. ஓய்வே இல்லாத அறைகளில் அது எப்படி 31 ஆனது? ஒன்றும் கொடுக்காதவர்களுக்கு ஏன் முன்னேற்றம் வரவேண்டும்?

கீர்த்திகாவிடம் கேட்டேன். தெரியாது என்று சொன்ன விதத்திலேயே தெரியும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பொன்னுத்தங்கம் நின்றிருந்தார். காபி வேண்டாம் என்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

பதினோரு மணிக்கு விசில் அடித்ததும் ஓய்வு அறைப் பெண்கள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். பத்து நிமிஷம் இருப்பார்கள். பிறகு எழுந்து ஓய்வில்லாத அறைகளுக்குள் போய் உட்கார்ந்து, அங்கே இருக்கிற வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த அறைக்காரிகள் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்புவார்கள். போர்மேன் ஒச்சப்பன் தூரத்தில் நின்று தலையைத்தான் எண்ணுவார். நாலு தலை இருக்கிறதா, இருக்கிறது. யார் தலை என்பது அவர் வேலையில்லை.

இப்படிச் செய்தால் ஆய்வு கெட்டுப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

"நெழல்ல உக்காந்து தண்ணி குடிக்கயில எதுத்தாப்புல ஒருத்தி வெக்கைக்குள்ள நாக்கு வறண்டு பாத்துக்கிட்டு இருந்தா, எப்படி டீச்சர் எறங்கும்?" என்றார்.

ஓய்வு கிடைக்காத குழுவுக்கும் ஓய்வு கசிந்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கும். கசிந்ததாம். பொன்னுத்தங்கம் அளந்து ஊற்றியிருக்கிறார்.

நான் கணக்கைப் புரிந்துகொண்டேன். பதினைந்து நிமிஷ ஓய்வு யாருக்குமே கிடைக்கவில்லை. ஓய்வே இல்லாதவர்களும் யாரும் இல்லை. பத்து நிமிஷத்தையும் ஐந்து நிமிஷத்தையும் ஒப்பிட்டுவிட்டு ஓய்வால் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதப் பார்த்திருக்கிறோம். இதை ராஜபாண்டியனிடம் சொன்னால் கதை மாறும். ஆனால் அறை மாறி உட்கார்வது பாதுகாப்பு விதிப்படி பெரிய குற்றம், வேலை போய்விடும். "பேரைச் சொல்லிராதீக. ஆறு ரூம்புக்காரியும் வெளிய போயிருவோம்" என்றார். இருபத்துநாலு பேரை நீக்க ஒரு மதியம் போதும். நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றேன்.

கம்பெனிக் கூட்டத்தில் ஹரிஷ்குமார் பி மதிப்பைப் படித்தான். ராஜபாண்டியன் நாற்காலியில் சாய்ந்தார். "ஆக, ஓய்வு குடுத்துப் பிரயோசனம் இல்லைன்னு ஆயிருச்சு."

பிரயோசனம் இல்லை என்று ஆகவில்லை, தெரியவில்லை என்றுதான் ஆகியிருக்கிறது என்று விளக்கினேன். இந்த இடைவெளிக்குள் பூஜ்யமும் இருக்கிறது, பத்தொன்பதும் இருக்கிறது. பூஜ்யத்தை மட்டும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவானேன். இதே ஆய்வை நூறு தடவை செய்து நூறு இடைவெளி போட்டால் தொண்ணூற்றைந்தில் உண்மை மாட்டும். ஆனால் இடைவெளி இத்தனை அகலமாக இருந்தால் உண்மை எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. ஹரிஷ்குமார் தலையாட்டினான். அவன் கவனிக்கவில்லை என்பது தெரிந்தது. அவன் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்க மூணே மூணு பூச்சட்டியைக் கொளுத்திப் பாக்குறீங்க. மூணும் எரிஞ்சிருச்சு. லோடு முழுக்க நல்லதுன்னு லாரியில ஏத்திருவீங்களா?"

ராஜபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷமாகப் பூச்சட்டி கொளுத்திப் பார்க்கிற மனுஷர். "மூணை வச்சு எவன் ஏத்துவான்? எம்புட்டு வேணும்?" என்றார். மொத்த நாற்பது அறையும் வேண்டும் என்றேன். கூடவே ஒன்று சொன்னேன்: தண்ணீர் குடிக்கவே விடாமல் யாரையும் ஆய்வில் சேர்க்க எங்கள் கல்லூரி நெறிமுறைக் குழு அனுமதிக்காது, ஆகவே இருபது அறைக்குப் பதினைந்து நிமிஷம், இருபது அறைக்கு ஐந்து நிமிஷம். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு அதுவரை கிடையாது. அந்த நிமிஷத்திலிருந்து நான்தான் அதன் தலைவி, செயலாளர், உறுப்பினர்.

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எல்லாருக்கும் ஐந்து நிமிஷம் கம்பெனியே கொடுத்துவிட்டால் பொன்னுத்தங்கம் கூட்டம் பங்குபோட வேண்டியதில்லை, ஆய்வு சுத்தமாக நடக்கும் என்பது என் கணிப்பு. பதினெட்டு வருஷம் புள்ளியியல் நடத்தியவளின் கணிப்பு.

எந்த அறைக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். சந்தனப் பேலாக் கிண்ணத்தில் நாற்பது சீட்டு. நானே எடுத்தேன். பதினேழாம் நம்பர் அறை பொன்னுத்தங்கத்தினுடையது. சீட்டில் ஐந்து என்று இருந்தது. திரும்பப் போட்டு வேறு எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அப்படி ஒரு முறை எடுத்துவிட்டால் ஹரிஷ்குமாரின் சுவரொட்டியைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் இருக்காது. படித்துவிட்டேன். தூரத்தில் நின்றிருந்த பொன்னுத்தங்கம் சரி என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆறு வாரம் கழித்து எண்கள் வந்தன. பதினைந்து நிமிஷ அறைகளில் கழிவு 24.1. ஐந்து நிமிஷ அறைகளில் 24.5. வித்தியாசம் 0.4. இடைவெளி, ஆயிரத்துக்கு ஐந்து கூடுதலிலிருந்து ஆறு குறைவு வரை, பூஜ்யத்தை ஏறக்குறைய நடுவில் உட்காரவைத்து. விளைவின் அளவு 0.04. சுவரொட்டியின் பங்காளி மாதிரி.

நான் கீர்த்திகாவை ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு நேராகத் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

பொன்னுத்தங்கம் மறைக்கவே இல்லை. பதினைந்து நிமிஷக்காரிகள் பத்தாவது நிமிஷம் எழுந்துவிடுவார்களாம். ஐந்து நிமிஷ அறைகளில் போய் உட்கார்வார்களாம். அங்கே இருப்பவர்கள் இரண்டாம் முறை வெளியே போய் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வருவார்களாம். ஆளுக்குப் பத்து. நாற்பது அறையும் அதையே செய்திருக்கின்றன. ஒச்சப்பனின் சம்சாரம் முப்பத்தோராம் அறையில் இருப்பதால் அவரும் தலையை மட்டும் எண்ணினாராம், கொஞ்சம் மெதுவாக.

எனக்கு ஆத்திரம் வந்தது. சத்தம் போட்டேன். உங்கள் நியாய புத்தியால் உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டீர்கள் என்றேன். பதினைந்துக்கும் ஐந்துக்கும் வித்தியாசமில்லை என்று தாளில் இருக்கிறது. ஐந்தே போதும் என்று அந்தப் பையன் நாளைக்குச் சட்டம் போட்டு மாட்டப்போகிறான். கேட்டுக்குப் போய் வரவே ஐந்து நிமிஷம் ஆகும், தண்ணீரை எப்போது குடிப்பீர்கள் என்று கேட்டேன்.

பொன்னுத்தங்கம் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். கல் கரைந்து வருகிறதாம், வலி பாதியாகிவிட்டதாம், டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "அப்ப நெசத்தைச் சொல்லிருங்க டீச்சர்" என்றார்.

போன தடவை சொல்லாதே என்றது நீங்கள்தானே என்றேன்.

"போன தடவ இருவத்துநாலு பேரு. வெளிய அனுப்பிட்டு வேற ஆளு வச்சிருவாக. இப்ப நூத்தறுவது பேரு. தீவாளி ஆர்டர வச்சுக்கிட்டு அம்புட்டுப் பேரையும் எங்கன அனுப்புவாக?"

எண்ணிக்கை கூடினால் முடிவு உறுதியாகும் என்பதை நான் ஒவ்வொரு வருஷமும் மூன்று வகுப்பு எடுத்து விளக்குகிறேன். பாதிப் பேருக்குப் பரீட்சை வரை புரியாது. இந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டாவது கூட்டம். நான் எதிர்பார்த்தபடியே ஹரிஷ்குமார் ஐந்து நிமிஷத்துக்கான சுவரொட்டி மாதிரியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு மண்பானை சிரித்துக்கொண்டிருந்தது. நான் பேச அனுமதி கேட்டேன். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாததற்குக் காரணம், இரண்டு குழுவும் பத்து நிமிஷம்தான் எடுத்தது என்றேன். எல்லாரும், எல்லா நாளும், நாற்பது அறையும். ஆகவே பதினைந்தா ஐந்தா என்பதைப் பற்றி இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. கழிவு 37.4-லிருந்து 24-க்கு வந்திருக்கிறது. குறைவு ஆயிரத்துக்குப் பதின்மூன்று, இடைவெளி பத்திலிருந்து பதினாறு வரை. பூஜ்யம் அந்தத் தெருவிலேயே இல்லை. முன்னும் பின்னும் பார்க்கிற ஒப்பீட்டில் வேறு காரணங்களும் புகுந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் சுவரொட்டி பக்கத்தில் நிற்க முடியாது என்றேன். ஹரிஷ்குமார் மண்பானையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

அறை மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ராஜபாண்டியனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்திருந்தது.

"யாரு ஆரம்பிச்சது டீச்சரம்மா? பேரைச் சொல்லுங்க."

அறைக்கு வெளியே ஜன்னலோரம் கீர்த்திகா நின்றிருந்தாள்.

"என்கிட்ட இருக்கிறது சராசரிங்க. சராசரியில பேரு இருக்காது" என்றேன்.

புள்ளியியலை மனிதர்களைத் தொலைத்துவிடுகிற பாடம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நானே திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதன் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

ராஜபாண்டியன் மேஜை மேலிருந்த தீபாவளி ஆர்டர் நோட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியே நாற்பது அறைகளையும் பார்த்தார். பத்து நிமிஷம் என்றார். அறை மாறி உட்கார்ந்தால் அடுத்த தடவை சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னார். எல்லாருக்கும் ஒரே பத்து நிமிஷம் இருக்கும்போது மாறி உட்கார யாருக்கும் தேவையில்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே தண்ணீர்க் குழாய்க்கு மேலே புதிய சுவரொட்டி வந்துவிட்டது. அதே மண்பானை, அதே சிரிப்பு. 'பத்து நிமிட இடைவேளை: தண்ணீர் குடிப்பது நல்லது என்று அறிவியல் முறையில் நிரூபிக்கப்பட்டுள்ளது.' கீழே சின்ன எழுத்தில் எங்கள் கல்லூரியின் பெயரும் என் பெயரும், இரண்டும் பிழையோடு.

நான் அன்றைக்கு மாணவிகளோடு போயிருந்தேன். பொன்னுத்தங்கம் சொம்பைக் குழாயில் பிடித்துக்கொண்டே அதை முழுசாக வாசித்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் எங்களுக்குத் தாகம் எடுத்துச்சே டீச்சர், அது நிரூபணம் இல்லாமலா எடுத்துச்சு?"